புகைக்கூடத்துப் படிப்பகம்

மலாயாவில், கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் படிப்பகம் முதலில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கூடமாக இருந்தது. கீழே செங்கல் கட்டிய அடுப்புக் குழி. மேலே, புகை ஏறுவதற்காக இரண்டு விரல் சந்து விட்டு அடித்த பலகைத் தரை. புதுக் கூடம் எழுந்ததும் தொழிலாளர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, அடுப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, சுவரில் நான்கு சன்னல் வெட்டி, அலமாரி அடித்தார்கள். எவ்வளவு சுண்ணாம்பு பூசியும் கறுப்புப் போகவில்லை. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் கருவாடு மாதிரி வாசம் வரும்.

பிள்ளைகள் பெயரில் புத்தகம் தரமாட்டார்கள், அப்பா பெயரில்தான். பால்மரம் வெட்டும் என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் ஞாயிறுதோறும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட தோட்டத்து எழுத்தர் சின்னக் கிராணியின் நோட்டில் எனக்காகக் கைநாட்டு வைப்பார். மகள் படிக்கிறாள் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு புத்தகத்தில் கப்பல் படம் இருந்தது. ஆசை தாளாமல் அதைக் கிழித்துப் பாய்க்கடியில் வைத்துக்கொண்டேன். கிழிந்த புத்தகத்தைக் கொடுத்தால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்ற பயத்தில், அதைப் படிப்பகத்துத் தரைச் சந்துக்குள் தள்ளிவிட்டேன். மெல்லிய புத்தகம், சத்தமில்லாமல் விழுந்தது.

அது அவசரகாலம், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட காலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. சோறோ மருந்தோ காகிதமோ, எது காணாமல் போனாலும் காட்டில் இருப்பவர்களுக்குப் போனதாகத்தான் அர்த்தம். படிப்பகத்தைச் சோதிக்கப் போலீஸ் வருகிறது, வெளியே போன புத்தகமெல்லாம் காலைக்குள் வந்தாக வேண்டும் என்று கிராணி லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அப்பா என்னைக் கேட்டார். எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் எல்லாரையும் படிப்பகத்தின் முன் நிறுத்தினார்கள். ஒரே ஒரு புத்தகம் குறைந்தது. நோட்டில் அதற்கு நேரே அப்பாவின் கைநாட்டு. படிக்கத் தெரியாதவனுக்குப் புத்தகம் எதற்கு, காட்டுக்குக் கொடுக்கத்தானே என்று அதிகாரி கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார். அது யாருக்காக எடுத்த புத்தகம் என்று அவருக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தான்யா எடுத்தேன். கப்பல் படம் பாக்க எடுத்தேன். எங்கயோ தொலைஞ்சிருச்சு,” என்றார் அப்பா.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. புத்தகம் அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடியில், அடைத்த அடுப்புக்குள் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடி விழுமே என்பது மட்டும்தான் என் கவலை.

அப்பாவை லோரியில் ஏற்றினார்கள். சில மாதம் அடைத்துவைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. புத்தகத்தை நான் யாரிடம் கொடுத்ததாக நினைத்தாரோ, கேட்க எனக்கு வாய்க்கவில்லை. படிப்பகத்தை ரேஷன் அரிசிக் கிடங்காக்கினார்கள். அந்த அரிசியிலும் புகை வாசம் வந்தது.

அன்று லோரி போனதும் வீட்டுக்கு ஓடிப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். படம் இல்லை. விடியுமுன்னே அப்பா ஏதோ காகிதத்தை அடுப்பில் போட்டார் என்று அம்மா சொன்னாள்.

நான் விக்கி விக்கி அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கப்பல் படத்துக்காகத்தான் அழுதேன்.