மியோத்ராக் போடாத டீ

மியோத்ராக் யூகோஸ்லாவியாவிலிருந்து இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பஸ் பணிமனைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த மெக்கானிக். வந்தது 1982 ஜனவரியில். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஜூனில் அங்கே ஒரு நிரந்தர வேலை காலியாகிறது என்று வந்த வாரமே அவன் காதுக்கு எட்டிவிட்டது. யார் பெயரை மேலே அனுப்புவது என்பது ஃபோர்மேன் கிளிஃபோர்டின் கையில். அது கிடைத்தால் மனைவியையும் மகளையும் வரவழைத்துவிடலாம். மனைவி ஸ்னேஷானா இதை நம்பி யூகோஸ்லாவியாவில் இங்கிலீஷ் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டாள்.

வந்த ஊர் அவனுக்குப் பிடிபடவில்லை. வாஷ்பேசினில் ஒரு குழாயில் கை வெந்துபோகும், பக்கத்துக் குழாயில் விரல் விறைத்துப்போகும். இரண்டையும் சேர்த்து ஒரே குழாயாக வைக்க இவர்களுக்கு என்ன கேடு என்று தினமும் திட்டிக்கொண்டே கை கழுவினான். பஸ்ஸில் ஒருத்தர் காலை இவன் மிதித்தால், மிதி வாங்கியவர் இவனிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த ஜனங்களோடு சண்டை போடக்கூட வழியில்லை.

காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் தட்டில் ஏழு கோப்பை டீ வரும். பால் ஊற்றிய டீ. அவன் ஊரில் டீ என்பது காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது, அதுவும் பால் இல்லாமல். முதல் நாள், "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே," என்று சொல்லிப் பார்த்தான். பிறகு மரியாதைக்குக் குடித்தான். மார்ச்சில் பழகிவிட்டது, ஏப்ரலில் பிடித்தேவிட்டது. பணிமனை தருகிற சலுகை என்றே நினைத்துக்கொண்டான். தட்டைத் தூக்கி வருகிற ஆள் வேளைக்கு வேளை மாறுவதை அவன் கவனிக்கவில்லை. இஞ்சினில் ஒரு நட்டு மாறியிருந்தால் கவனித்திருப்பான்.

அந்த ஏப்ரலில்தான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. அவன் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை எல்லோரும் பப்புக்குக் கிளம்புவார்கள், இவனை யாரும் கூப்பிடமாட்டார்கள். நேரே கிளிஃபோர்டிடம் போய்க் கேட்டான்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல மிக். நல்லாத்தானே போயிட்டிருக்கு." பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவன் மிக்.

மே மாதம் இரண்டு முறை கேட்டான். அதே பதில். வேலையில்தான் குறையோ என்று சனிக்கிழமையும் வந்து மாடாக உழைத்தான். பாவம், வேறு என்ன செய்வான்?

ஜூன் முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். வேலை பக்கத்து ஊர் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த யாரோ ஒருவனுக்கு. மியோத்ராக் கையில் ஸ்பேனரோடு கிளிஃபோர்டின் அறைக்குள் நுழைந்தான். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பெரிலும் அங்கே இருந்தாள்.

"என் வேலையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. உன்னை மாதிரி மெக்கானிக் இந்தப் பக்கத்துலயே கிடையாது."

"அப்புறம் ஏன் எனக்குத் தரல?"

கிளிஃபோர்ட் ஜன்னலைப் பார்த்தார். "ஆளுங்களோட ஒட்டணும்ல..." என்று இழுத்தார்.

பெரிலுக்குத் தாங்கவில்லை. "அஞ்சு மாசமா டீ குடிக்கிறியே மிக், ஒரு தடவையாவது நீ போட்டியா?"

அவன் விழித்தான். டீ பணிமனை கொடுப்பதல்ல, ஒவ்வொரு வேளையும் ஒருத்தர் எழுந்து எல்லோருக்கும் போடுவது என்று அவள் சொன்னாள். யாருடைய முறை என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அவரவருக்கே தெரியவேண்டும்.

"ஓசி டீக்காரன்னு பேரு வாங்கிட்ட. அப்படிப்பட்டவனோட எப்படிக் காலம் தள்றதுன்னு எல்லாரும் கேட்டாங்க," என்றாள்.

"மூணு தடவை வந்து கேட்டேனே. அப்ப சொல்லியிருக்கலாமே?"

"அதெப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது?" என்றார் கிளிஃபோர்ட். "உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் விட்டுட்டேன்."

"இப்ப ரொம்பக் குளுகுளுன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டு மியோத்ராக் வெளியே வந்தான்.

சாயங்காலம் தெருமுனை டெலிஃபோன் கூண்டிலிருந்து ஸ்னேஷானாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

"டீ போடலன்னு வேலை தரலியா? நான் என்ன லூசா?"

"சத்தியமா அதுதான் காரணம்."

"உலகத்துல எவனாவது டீக்காக ஒரு நல்ல மெக்கானிக்கை வேண்டாம்பானா? என்ன நடந்துச்சுன்னு சொல்லு. குடிச்சியா? யாரையாவது அடிச்சியா?"

இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னான். அவள் அழத் தொடங்கிவிட்டாள். கட்டின பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறானே என்பதுதான் அவள் அழுகை. மூன்றாம் முறை சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"ஆமா. ஃபோர்மேனை அடிச்சுட்டேன்," என்றான்.

"அப்படிச் சொல்லு," என்றாள் ஸ்னேஷானா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அதுல ஒரு நியாயம் இருக்கு."