மடித்த பை

எங்கள் வீட்டுக்குள் முற்றல் வெண்டைக்காய் ஒன்றுகூட வந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் பெருமை என் மனைவிக்கு உரியது. தனியார் பள்ளியில் நான் வாங்கிய வாத்தியார் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வகைவகையாகச் சமைத்துப் போட்டு வளர்த்தவள் அவள்.

வில்லியனூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வாள். எதையும் தொடாமல் ஒரு சுற்று வருவாள். விரித்த பையைக் கண்டால் விலை ஏறும் என்பாள். திருபுவனை கம்பெனிகளில் வேலை விட்டு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் யாரும் விலை குறைக்க மாட்டார்கள். அந்தக் கூட்டம் கலைந்த பிறகுதான் பையை விரிப்பாள். புளியும் மிளகாயும் பங்குனிக்குள் வருஷத்துக்கும் சேர்த்து வந்துவிடும். பருப்பில் மட்டும் மலிவு பார்க்க மாட்டாள். "வேகாத பருப்பு கேஸைக் குடிச்சிடும்" என்பாள்.

இப்படிப்பட்டவளை ஒருநாள் நான் தெரியாது என்று சொன்னேன்.

ஒரு கூறு கத்தரிக்காயில் இருந்த சொத்தையை மாற்றித் தரச் சொல்லி அவள் வாதாடிக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். எங்கள் தலைமை ஆசிரியர் பைக்கை நிறுத்தினார்.

"யாரு சார் அந்தம்மா? ஒரு கத்தரிக்காய்க்கு இந்தப் போடு போடுது!"

"தெரியல சார்" என்றேன்.

பையோடு என்னைக் கடந்து போனாள். பஸ்ஸில் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள். உறுவையாறில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள். அன்று கத்தரிக்காய்க் குழம்பு. கேட்காமலே இரண்டாம் முறையும் ஊற்றினாள். அதன் பிறகு மார்க்கெட்டுக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அதனால் போன வாரம் நான் போனேன். ஒரு சுற்று வந்து, காய்கறிக் கடையில் குனிந்தேன். கடைக்காரம்மா உற்றுப் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, உறுவையாத்து அக்கா மாதிரியே பைய இடுக்கிக்கினு சுத்துற?"

"நான் அவங்க வூட்டுக்காரர்."

"அய்ய, அக்காவுக்கு வூட்டுக்காரர் இருக்காரா? இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலியே! ஒண்டியாத்தான வரும்?"

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்: "அவங்க என் சம்சாரம்மா."

வீட்டில் அவள் நான் வாங்கி வந்த வெண்டைக்காயின் நுனிகளை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அன்னிக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட உன்னத் தெரியாதுன்னுட்டேன்" என்றேன்.

"காதுல விழுந்துச்சி."

"தப்பு பண்ணிட்டேன்."

அவள் கடைசி வெண்டைக்காயை ஒடித்தாள். அதுவும் பிஞ்சு.

"வூட்டுக்காரர்னு சொல்லிட்டீங்கள்ல? இனிமே கறிவேப்பில சும்மாவே குடுப்பா. கேட்டு வாங்கிக்கினு வாங்க."