ஆட்டிடம் சொன்னது

என் மாமியார் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டிடமோ மிக்ஸியிடமோ சொல்வார். நான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாடை பேசுவது என்பார்கள். நான் இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நிலவே, நெஞ்சே என்று கேட்காததைக் கூப்பிட்டுப் பேசும் அழகை நாள் முழுக்கப் பாடமாக நடத்திவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்தால் அதே அழகு வாசலில் காத்திருக்கும்.

"ஏ மிக்ஸி, ஒனக்கென்னம்மா, பட்டனைத் தட்டுனா வேலை முடிஞ்சுரும். அம்மியில அரைச்சவளுக்குல்ல தெரியும் இடுப்பு வலி."

பதில் சொன்னால், "நான் மிக்ஸிகிட்டப் பேசுறேன், இவளுக்கு ஏன் சுடுது?" என்பார். சொல்லாவிட்டால் எனக்குக் கொழுப்பு. என்னதான் செய்வது, சொல்லுங்கள்? கணவரிடம் முறையிட்டால், "எங்க ஆத்தா அப்படித்தான், விடு" என்பதோடு சரி.

போன மாசியில் ஒரு காலை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாமியார் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"கால்ல புண்ண வச்சுக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் அலையிறியே, ஒன்னைய யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா? அவுகவுகளுக்குப் பள்ளிக்கூடம், ஆபீசு."

ஆட்டின் நாலு காலையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆக, நான் வேலைக்குப் போவதைத்தான் குத்துகிறார் என்று முடிவுகட்டினேன். விடிந்ததும் விடியாததுமாக இது வேறா என்று எரிந்துகொண்டு வந்தது. டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாளும் அதையே ஆட்டிடம் சொன்னார். மறுநாளும் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்து சுருண்டு படுத்தார். அப்போதுதான் சேலையை விலக்கிக் காலைப் பார்த்தோம். சர்க்கரை உடம்பு, எப்போதோ முள் குத்தியிருக்கிறது. இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"ஏன் அத்தை, இத்தனை நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனிடம்தான் பதில் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னேனே. ரெண்டு நாளும் நீ நின்னு கேட்டுட்டுத்தானே போன."