“அழிச்சிருங்க” என்று நான் சொன்ன வீடியோ

நாகர்கோவிலில், கோட்டாறு கடைத்தெருவுக்குப் பின்னால், பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். பெற்றோர் எடுக்கும் வீடியோக்களைச் சேர்த்துவைக்க ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்குப் பிடித்திருந்தேன். போன மாதம் குழந்தை எப்படிப் பேசியது, இப்போது எப்படிப் பேசுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘கிளவுட்’ என்று சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு தாய் தன் ஐந்து வயது மகனோடு பஸ் மாறி வருவாள். கணவர் மஸ்கட்டில். ஒரு நாள் அந்தப் பையன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, உதடுகளை ஒட்டி ஒட்டிப் பார்த்து, முதன்முதலாக “வாப்பா” என்றான், அப்பாவைத்தான். அவள் அதை போனில் எடுத்துவிட்டாள். அவசரத்தில் பாதிப் படத்தில் கூரைதான் தெரிந்தது. எங்கள் சர்வரிலும் ஏற்றினாள்.

“அவருக்கு அனுப்பலியா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். லீவுக்கு வருவாருல்லா, அப்போ பக்கத்துல இருந்து காட்டணும். அவரு மொகத்த எனக்குப் பாக்கணும்.”

அடுத்த வாரம் போன் நிறைந்து, புது வீடியோ எடுக்க முடியாமல் நின்றாள்.

“பழசையெல்லாம் அழிச்சிருங்க. நம்ம கிளவுட்ல இருக்கு, எங்கயும் போவாது,” என்றேன்.

என் முன்னாலேயே அழித்தாள்.

சில நாட்களில் சர்வர் நின்றுபோனது. வாடகைக்குத் தந்த கம்பெனியில் டிஸ்க் பழுது. நகல் எடுத்து வைத்திருக்கிறேனே என்று தைரியமாகத்தான் அவர்களைக் கூப்பிட்டேன். அந்த நகலும் அதே டிஸ்கில்தான் இருந்ததாம். வேறு இடத்தில் ஒரு நகல் வைக்கட்டுமா என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவள் நான்தான்.

மற்ற பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

“சர்வர்ல வேல நடக்கு. கொஞ்சம் பொறுங்க,” என்றேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையே சொன்னேன். அவளும் நம்பித் தலையாட்டிவிட்டுப் போவாள். கணவர் டிக்கெட் எடுத்துவிட்டார் என்று அவள் சொன்ன அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

அவள் போனைத் திறந்து எதையோ தேடினாள். பிறகு போன் கடை வைத்திருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினாள். பேசி முடித்து என்னைப் பார்த்தாள்.

“அழிச்சது ஒரு மாசம் போன்லயே தனியா கெடக்குமாம் டீச்சர். அதுக்கப்புறந்தான் போவுமாம். நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா எடுத்திருக்கலாமே.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த மாதம் முழுவதையும் நான் பொய் சொல்லியே கழித்திருந்தேன்.

இப்போது வேறு ஊரில், வேறொரு கம்பெனியின் சர்வரிலும் நகல் இருக்கிறது. அவ்வப்போது ஏதாவது ஒரு வீடியோவை அங்கிருந்து திரும்ப எடுத்து, ஓடுகிறதா என்று பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் வீடியோவில் தெரிந்த அந்தக் கூரைதான் நினைவில் வருகிறது.

கணவர் லீவில் வந்ததும் மூவருமாக மையத்துக்கு வந்தார்கள். பையன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

“நீங்க செய்த உபகாரத்த மறக்கமாட்டேன் டீச்சர்,” என்று அவர் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார்.

அந்த வீடியோவைப் பற்றி அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். நானும் சொல்லவில்லை.