ஒரு மணித்தியாலத் துக்கம்

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னதற்காக ஏச்சு வாங்கிய ஆள் இந்த மொன்றியலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு வருடமாக ஒரே வீடு. கோட்-சென்-லூக்கில், ஏழாம் மாடியில், தனியாக இருக்கும் ஒரு யூதப் பெண்மணி. எண்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் குறையவில்லை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், அதனால் எங்களுக்குள் பொருந்திப்போயிற்று. நான் அவரை மேடம் என்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய இத்தீஷ் தெரியாது. ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிப்போம்.

போன செப்டெம்பரில் ஒரு காலை, கஞ்சி கொடுத்து முடிந்ததும் என்னை எதிரே உட்காரச் சொன்னார். மடியில் ஒரு கடதாசி, அதில் பெயர்கள். தங்கள் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் வருகிறது, அதற்கு முன் தான் நோகடித்த ஆட்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். பாதி ஆட்களுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அடுத்த பெயர் என்னுடையது.

"ஜூலையில், பால் கரண்டியை இறைச்சிக் கரண்டிகளோடு வைத்ததற்கு, உனக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். என்னை மன்னிப்பாயா?" அவர்கள் சமயத்தில் பாலும் இறைச்சியும் ஒன்றோடொன்று படக்கூடாது.

"ஐயோ மேடம், அதெல்லாம் ஒன்றுமில்லை."

நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒன்றுமில்லை என்றால் நான் எதற்குக் கேட்கிறேன்? எனக்கென்ன விசரா? நொந்ததா, இல்லையா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "நொந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்."

அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "இப்போது சொல். மன்னிப்பாயா?" எங்கள் வீடுகளில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பிழை விட்டவர் இரண்டு நாள் கழித்து ஒரு கோப்பை கறி கொடுத்துவிடுவார், மற்றவர் வாங்கிக்கொள்வார், அதோடு சரி. மன்னிக்கிறேன் என்ற சொல்லை ஒரு மனிசருக்கு நேரே சொல்ல என் நாக்குப் புரளவில்லை. ஒருபடியாகச் சொன்னேன். பெயருக்கு மேல் ஒரு கோடு கீறினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை மேடம். ஃபாதரிடம் போனால் முடிந்தது."

"நீ அடித்தது அந்த ஃபாதரையா?"

"இல்லை."

"பிறகு அவர் எப்படி மன்னிப்பார்? கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததில் அவரும் கை வைக்கமாட்டார். அந்த ஆளிடம்தான் போகவேண்டும். ஒருமுறை கேட்டுக் கிடைக்காவிட்டால் இரண்டு முறை, மூன்று முறை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் யார் என் பாவசங்கீர்த்தனத்தில் பிழை பிடிக்க! அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது என் தங்கச்சியின் முகம்தான் வந்தது.

நான் மன்னார். எனக்கும் தங்கச்சிக்கும் பதினொரு வயது வித்தியாசம். ஸ்பொன்சர் பண்ணி அவளைக் கூப்பிட்டது நான்தான். இங்கே கலியாணம் முடித்து லாசாலில் இருந்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியபோது டொக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார். ஏழாம் மாதம் நடக்கிறது, ஊரில் எங்கள் அம்மா செத்துப்போனா.

நான் அவளுக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்ல விடவும் இல்லை. அவள் புருஷனுக்கு, ஊரில் எங்கள் அண்ணைக்கு, கோயில் சனத்துக்கு எல்லாம் கட்டளை போட்டேன். அவள் போன் எடுத்தால், "அம்மா நித்திரை, பேந்து கதைப்பா" என்று அண்ணை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். முப்பத்தோராம் நாள் பூசையும் அவளுக்குத் தெரியாமலே இங்கே ஒப்புக்கொடுத்தேன். பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, சுகமாக. இன்னும் ஒரு கிழமை போகட்டும், இன்னும் ஒரு கிழமை போகட்டும் என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, பிள்ளை பார்க்கப் போன ஒரு மனிசி, "அம்மாவும் இருந்து இதைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை, என்ன?" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தங்கச்சி என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. ஒன்பது வருடம். கோயிலில் கண்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

இது ஊருக்கே தெரிந்த கதை. நான் செய்தது சரிதான் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது.

அம்மா போவதற்கு முதல்நாள் நான் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, போனை அம்மாவின் வாயருகே பிடித்தார். மூச்சு இழுத்து இழுத்துக் கதைத்தா. "சின்னவளை ஒருக்கா எடுத்துத் தா பிள்ளை. அவளின்ரை சத்தத்தைக் கேட்டனெண்டால் காணும்." ஒரு பொத்தானை அமத்தினால் மூன்று பேரும் கதைத்திருக்கலாம். அந்த மூச்சைக் கேட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். "அவள் நித்திரை அம்மா. பேந்து எடுத்துத் தாறன்" என்றேன். "ஓம் பிள்ளை, எழுப்பாதை" என்றா அம்மா. அதுதான் எனக்குக் கடைசியாகச் சொன்னது. தங்கச்சிக்கு நான் சொன்னது வேறு. மூன்று நாளாக அம்மாவுக்கு நினைவில்லை, யாரையும் தெரியாமல்தான் போனா என்று சொன்னேன். அண்ணையும் அதையே சொன்னார். இப்போது அவரும் இல்லை.

மேடத்தோடு கோபித்த இரண்டாம் நாள் தங்கச்சிக்கு போன் எடுத்தேன். "என்னை மன்னிச்சுக்கொள். ஆனால் உன்ரை நன்மைக்காகத்தானே செய்தனான்" என்றேன். வைத்துவிட்டாள். மேடத்திடம் தங்கச்சியின் கதையைச் சொன்னபோது, "இது கணக்கில் சேராது. நன்மை செய்தவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்?" என்றார். நல்ல காலம், கையில் இருந்த தேத்தண்ணீரை அவர் தலையில் ஊற்றவில்லை.

அடுத்த முறை அவள் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்துக்கு மத்தியானம் போய், கார் நிறுத்துமிடத்தில் காத்து நின்றேன். என்னைக் கண்டதும் நின்றாள். இந்த முறை 'ஆனால்' போடவில்லை. அவள் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள்.

"அம்மாவை அடக்கம் பண்ணின அண்டைக்கு நீங்கள் எனக்கு விளைமீன் குழம்பு காய்ச்சிக் கொண்டுவந்தனீங்கள். நான் நல்லாயிருக்கு எண்டு ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டனான். நீங்கள் கட்டிலிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

திரும்பி உள்ளே போய்விட்டாள். அந்தக் குழம்பை நான் மறந்தே போயிருந்தேன். செத்த வீட்டில் மீன் இறைச்சி வாயில் வைக்காத சனம் நாங்கள். என் தங்கச்சிக்குத் தாயின் அடக்க நாளன்று நானே மீன் ஊட்டியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் மேடம் என்னை வேலை செய்ய விடவில்லை. இருத்திவைத்துத் தன் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு ஒரு மாமி அவரைப் பத்து வயதில் இங்கே எடுத்து வளர்த்தா, அப்பாவின் தங்கை. அம்மா பின்னால் வருவா என்று ஐந்து வருடம் சொல்லிக்கொண்டே இருந்தாவாம். அம்மா அந்தச் சண்டையிலேயே கொல்லப்பட்டுவிட்டா, அது மாமிக்கு முதலே தெரியும். "எனக்குத் தெரியவந்தபோது பதினைந்து வயது. எங்கள் முறைப்படி துக்கம் ஏழு நாள் இருக்கவேண்டும். முப்பது நாளுக்குப் பிறகு சேதி கிடைத்தால் ஒரு மணித்தியாலம்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த முக்காலியில். நான் ஒரு மணித்தியாலம் இருந்தேன். முடிய எழும்பிப் பள்ளிக்கூடப் பாடம் எழுதினேன்."

"மாமியை மன்னித்தீர்களா?"

"மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறையும் மன்னிக்காவிட்டால் பிழை எங்கள் பக்கம் வந்துவிடும். எனக்கு அது தெரியும், தெரிந்தும் முடியாது என்றேன். அவள் போய் நாற்பது வருடம்." கடதாசியை எடுத்துக் காட்டினார். மேலே முதலாவதாக ஒரு பெயர், கோடு கீறாமல் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதைத் திரும்ப எழுதுகிறார்.

அப்போதுதான், இந்த உலகத்தில் முதல் ஆளாக, சந்தையில் எனக்கு வந்த அந்தப் போனைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். இதையும் தங்கச்சிக்குச் சொல்லவேண்டுமா என்று கேட்டேன்.

கடதாசியை மடித்து மடியில் வைத்தார். "இதில் எங்கள் சமயப் பெரியவர்களுக்குள்ளேயே சண்டை. சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் எதற்கு மன்னிப்பு என்று ஒருவர். உன் பாரம் இறங்க அவளை ஏன் இன்னொருமுறை வெட்டுகிறாய், உனக்கு யார் உத்தரவு தந்தது என்று மற்றவர்."

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெயருக்குக் கோடு கீறியிருக்கமாட்டேனா?"

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து லாசாலுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்வது என்ற முடிவோடுதான் போனேன். பஸ்ஸில் வசனங்களை அடுக்கிப் பார்த்தேன். தங்கச்சி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. மகளும் தகப்பனும் வெளியே போயிருந்தார்கள். குசினி வாசலில் நின்றபடி, "உன்னை அம்மாவுக்காக அழ விடாமல் செய்தனான். மீனும் தந்தனான். அது பெரிய பிழை" என்றேன். பிறகு ஏனோ மேடத்தின் கதையைச் சொன்னேன், அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி.

அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குசினித் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மைக்ரோவேவில் நேரம் தெரிந்தது, ஒன்று பத்து. முதல் கால்மணி நேரம் அந்த இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். ஒன்பது வருட அழுகை, என் தங்கச்சி "அம்மா, என்ரை அம்மா" என்று தரையில் அடித்து அழுதாள். நான் தொடவில்லை, தொட எனக்கு என்ன உரிமை? இரண்டு பத்துக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அம்மா கடைசியிலை என்னைத் தேடினவவோ? உண்மையைச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் அடுக்கிய வசனங்கள் எல்லாம் வாயில்தான் இருந்தன. அவள் கண்ணைப் பார்த்தேன்.

"இல்லையடி. நான் அண்டைக்குச் சொன்னதுதான். அம்மாவுக்கு நினைவில்லை."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி. அதைத்தான் இத்தனை வரியமா யோசிச்சுக்கொண்டிருந்தனான். தேடியிருந்தா என்னாலை தாங்கேலாது." பிறகு, எங்கள் சனம் வாய் திறந்து சொல்லாத அந்தச் சொல்லை அவளே சொன்னாள். "உங்களை மன்னிச்சிட்டன், அக்கா."

அவளுக்காகப் பொய் சொன்னேனா, அவள் அக்கா என்று கூப்பிட்டது போய்விடும் என்ற பயத்தில் சொன்னேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது. மறுநாள் மேடம் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கஞ்சியை வாங்கிக் குடித்தார்.

இப்போது தங்கச்சி ஞாயிறுதோறும் எனக்கு போன் எடுக்கிறாள். மகளின் படிப்பு, வேலையிடத்துக் கதை, கறிக்கு உறைப்புக் கூடிப்போனது, எல்லாம் சொல்வாள். சிரித்தால் சின்ன வயதில் சிரித்த மாதிரியே இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா ஒருக்கால் கேட்டால் போதும் என்று சொன்ன சத்தம் இதுதான். ஒவ்வொரு கிழமையும் அதை நான் கேட்கிறேன்.