மூடி வைத்த மழைத் தண்ணீர்

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே பதினொரு கிலோமீட்டர். போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் துவரம் பருப்பைப் போட்டுக் குக்கரில் ஆறு விசில் வைத்தாலும் பல்லில் கடிபடும். அதனால் ஐப்பசி மழையைப் பிடித்து வைப்போம். ஓட்டுத் தூசி கழுவிப் போவதற்காக முதல் மூன்று மழையை விட்டுவிட்டு, நான்காவது மழையில் தகரத் தூம்புக்குக் கீழே நீல டிரம்மை வைப்பேன். இருநூறு லிட்டர். சமையலுக்கும் காப்பிக்கும் நாளைக்கு நாலு லிட்டர் என்றால் ஐம்பது நாள் வரும். டிரம்மின் வாயில் பழைய வேட்டியை நான்காக மடித்துக் கட்டுவேன். சொம்பு போய்வர ஒரு பக்கம் மட்டும் தளர்வாக இருக்கும்.

முப்பத்தொரு வருடம் நில அளவையராக இருந்தவன் நான். கொல்லையில் கொசு பெருகியபோது முதலில் செய்தது, தண்ணீர் தேங்கும் இடங்களை எண்ணியதுதான். பாத்திரம் கழுவும் இடத்துச் சாக்கடை, வாழையடிப் பள்ளம், மாட்டுத் தொட்டி, கொட்டாங்கச்சிகள், உடைந்த பக்கெட் என்று பதினான்கு வந்தது. தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய்க் கவிழ்ப்பதைக் கவிழ்த்தேன். சாக்கடையில் கழிவு எண்ணெய் ஊற்றினேன். பத்து நாளாகியும் கொசு குறையவில்லை. அதோடு, அது பகலில் கடித்தது. எனக்கு அது பிடிபடவே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மாள் டார்ச்சும் கையுமாக வந்தாள். நேராக டிரம்மிடம் போனாள்.

"ஐயா, இதைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

"அது சமையல் தண்ணிம்மா. கட்டி மூடித்தான் வச்சிருக்கேன்."

"ரெண்டு மூடி மருந்து விட்டுட்டுப் போயிடறேன்."

"சமைக்கிற தண்ணியில மருந்தா? போயி சாக்கடையைப் பாரு."

"பகல்ல கடிக்கிற, கால்ல வெள்ளை வளையம் போட்ட இந்தக் கொசு சாக்கடைப் பக்கமே போவாதுங்க. உங்களை மாதிரிதான், நல்ல தண்ணியாத் தேடும்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வந்து பார்த்ததைக் குறிக்க வாசல் கதவில் ஒட்டியிருந்த அட்டையில் 'பார்த்தாகிவிட்டது' என்று நானே எழுதி அந்த அம்மாளை அனுப்பிவைத்தேன். பார்க்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. பிளேட்லெட் என்கிற தட்டணு, ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதது, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். மறுநாள் எண்பத்து நாலாயிரம். நிறைய குடிக்கக் கொடுங்கள், தினமும் ரத்தம் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் குடித்த கஞ்சியை டம்ளர் கணக்கில் எழுதினேன். எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள் என்றும் எழுதினேன்.

சமையலறை என் கைக்கு வந்த மூன்றாம் நாள், கஞ்சிக்காக டிரம்மில் சொம்பை விட்டு வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் நூல் துண்டுகள் போல ஏதோ நெளிந்தன. நாற்பத்து மூன்று புழுக்கள். ஒரு சொம்பில்.

சொம்போடு அவள் கட்டிலருகே போனேன். அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வாரமா இருக்குது. துணியில வடிகட்டித்தான் எடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ்வளவு தண்ணியையும் கொட்டிடுவீங்க. அப்புறம் பருப்பு வேகலன்னு நீங்கதான் குதிப்பீங்க."

வேட்டியை அவிழ்த்தேன். அதன் அடியிலிருந்து சின்னக் கொசுக்கள் எழுந்து என் முகத்தில் மோதிப் போயின. அவற்றை எண்ண முடியவில்லை. டிரம்மைச் சாய்த்து முழுவதையும் மண்ணில் கொட்டினேன்.

மறுநாள், நான்காம் நாள், காய்ச்சல் விட்டது. உடம்பு சில்லென்று இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், இன்றைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டாம், அவள் தூங்கட்டும் என்று முடிவு செய்தேன். பத்து மணிக்கு அந்த அம்மாள் மறுபடி வந்தாள். காலி டிரம்மைக் காட்டினேன்.

"கொட்டினாப் போதாதுங்க ஐயா. முட்டை சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்குல சாவாது. தேச்சுக் கழுவணும்." பிறகு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

"காய்ச்சல் விட்டுப் போச்சு."

அவள் முகம் மாறியது. "விட்டப்புறம்தாங்க பயம். வயிறு வலிக்குதான்னு கேளுங்க."

கேட்டேன். "விடியக்காலையிலேருந்து வலிக்குது. பசின்னு நெனைச்சேன்" என்றாள் மனைவி. ஈறில் கோடு மாதிரி ரத்தம் இருந்தது.

வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தட்டணு முப்பத்தோராயிரம். ஐந்து நாள் குளுக்கோஸ் பாட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சொட்டுகளை எண்ணினேன். ஆறாம் நாள் தட்டணு எண்பதாயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"டெங்குல நாலு வகை இருக்குங்க. ஒண்ணு வந்து போயிடுச்சு. அடுத்து வேற வகை வந்தா இதைவிட மோசமாப் போகலாம். கடி படாம பாத்துக்குங்க."

டிரம்மைத் தேங்காய் நாரால் ஏழு தடவை தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். எங்கள் கொல்லையில் இப்போது ஒரு துளியும் தேங்காது. ஆனால் தெருவில் இருபத்தாறு வீடுகள். எங்களுடையதைத் தவிர இருபத்தைந்து கொல்லையிலும் ஒரு டிரம்மும் அதன் மேல் ஒரு துணியும் இருக்கின்றன. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், "நாங்க நல்லாத்தான் மூடி வச்சிருக்கோம் சார்" என்றார்.

நேற்று மதியம் இரண்டரை மணி. அவள் கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை விலகியிருந்தது. கணுக்காலில் ஒரு கொசு. கால்களில் வெள்ளை வளையங்கள் தெரிந்தன. குனிந்து அடித்தேன். என் உள்ளங்கையில் ரத்தம் இருந்தது.

அவள் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே இன்னொரு காலால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.