அம்மா சுற்றிய நாலு வீதி

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் என் அம்மாவை மதம் மாறாமல் காப்பாற்றினேன். ஒரு வாரம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பி பிறந்து நாலைந்து மாதமாகியிருந்தது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அவன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்ப்பாள், அழுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். அப்பா அவளை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அங்கே என்ன சொன்னார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு சாயங்காலமானால் தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அம்மா தனியாக வெளியே கிளம்பினாள்.

எங்கே போகிறாள் என்பது மேலவீதியில் இருந்த டியூஷன் மாடியிலிருந்து தெரிந்தது. அம்மா கீழே நடந்து போனாள். அரைமணி கழித்து மறுபடியும் அதே பக்கமிருந்து வந்தாள். கோயிலைச் சுற்றித் தேரோடும் நாலு வீதியையும் சுற்றுகிறாள்! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஒங்கம்மாவுக்கு என்னா வேண்டுதல்? எங்க சித்திகூட கொழந்தைக்காக இப்டித்தான் சுத்துச்சு” என்றாள்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் நாங்கள். பெற்றோர் செய்யும் பாவத்துக்குப் பிள்ளைகளும் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று வேறு சண்டே கிளாஸில் பயமுறுத்தியிருந்தார்கள். செம்மண்டலத்திலிருந்து அப்பாவின் அக்காவான அத்தை போன் செய்தபோது மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். “ஆண்டவரு வூட்லயே இருக்காரு. வீதியில போயி என்னா தேடற?” என்று அம்மாவைக் கேட்டார். நடக்கச் சொன்னது டாக்டரம்மா என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மனசுக்கு வைத்தியம் என்று தெரிந்தால், அத்தை வாயிலிருந்து அது பைத்தியம் என்றுதான் செம்மண்டலம் முழுக்கப் போய்ச் சேரும். அந்தப் பயத்தில் அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரொம்ப வருஷம் கழித்து.

அம்மா நடப்பதை நிறுத்தினாள். முதல் நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் அவள் தலை வாரிக்கொள்ளவில்லை. தம்பி வீறிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பாவத்துக்கான தண்டனை இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்து, முட்டி வலிக்க வலிக்க ஜெபம் பண்ணினேன். பண்ணப் பண்ண அம்மா மோசமாகிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார். “கெளம்பு. எல்லாரும் போவம். எதிர்ப்பக்கமா சுத்துவம். அப்ப வேண்டுதல்னு எவன் சொல்லுவான்? அக்கா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

அப்படியே வடக்கு வீதி வழியாகத் தலைகீழாகச் சுற்றினோம். வருகிறவர்கள் எல்லாம் எங்கள்மேல் மோதாத குறை. பூக்கார அம்மா ஒருவர் பதறிப்போய் வழிமறித்தார். “இப்டி எடமா சுத்தாதீங்கம்மா, குடும்பத்துக்கு ஆவாது.” அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தெற்கு வீதி திரும்பும்போது, “அத்தகிட்ட நீதான் சொன்னியா?” என்று மெதுவாகக் கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. பலூன்காரனிடம் போக இழுத்தும் விடவில்லை. விரல் வலித்தது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கூட்டமே இல்லாத எங்கள் தெரு வழியாகவும் அப்படியே வீடுவரை நடந்தேன்.